சரித்து வைத்த கான்

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறேன். பாடம் முடியும் வரை நான் கதிரையில் இருந்ததை எந்தப் பிள்ளையும் கண்டிருக்காது. வங்கிக்குப் போய் எனக்கு முன்னால் நாலு பேர் நின்றால் போதும், வெளியே வந்து, தெருவைக் கடந்து, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பிப் போய் எட்டிப் பார்ப்பேன். அப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். "காலிலை சுடுதண்ணியை ஊத்திக்கொண்டு நிக்கிறவளுக்கு என்னெண்டு அலுவல் சரிவரும்?" என்பார் அம்மா. அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்தச் சுடுதண்ணீரை ஊற்றியதில் அவருக்கும் பங்கு உண்டு. பத்து வயதில் என்னைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தியவர் அவர்தான்.

காலைப் போலவே கையும் சும்மா இருக்காது. யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்து முடித்து வந்த நாளிலிருந்து, சின்ன வயதில் எங்கள் கைகளில் கிடந்த சாமான்களைத் தேடி எடுத்து வேறொன்றாக்கிக்கொண்டிருக்கிறேன். தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் பூட்டி நாங்கள் உருட்டித் திரிந்த வண்டிலை ஆள் உயரத்துக்குச் செய்து, அதன்மேல் ஒரு வீட்டின் சட்டி பானை, பாய், கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டினேன். எங்கள் சனத்துக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. உரப்பையில் தைத்த புத்தகப் பைகளைச் சேர்த்து வைத்துப் பிரித்து, ஒரு பெரிய பாடசாலைச் சீருடை தைத்தேன். படிக்கிற வயதில் சுமந்தது என்ன என்று கேட்கிற மாதிரி அதைத் தொங்கவிட்டேன். எங்கள் அதிபர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது ஆருக்கு அளவெடுத்தது ரீச்சர், யானைக்கோ?" என்று கேட்டார். அம்மாவுக்கோ இதெல்லாம் ஒரே எரிச்சல். "வீட்டிலை ஒரு பழஞ்சாமானை விட்டு வைக்கிறாளில்லை. ஒரு நாளைக்கு என்னையும் சுவரிலை கொழுவிப்போட்டுக் கீழை ஏதும் எழுதி விடுவாள்."

இந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் விசுவமடுவில் எங்கள் பக்கத்து ஓவியர்கள் சிலர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தோம். கிடைத்தது ஒரு பொதுநோக்கு மண்டபம். சுவர்களெல்லாம் மற்றவர்களின் படங்களுக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது கேற்றிலிருந்து வாசற்படி வரைக்குமான முற்றம். எனக்கு வேண்டியதும் அதுதான். அதில் கான்களை வைக்கப்போகிறேன் என்றேன்.

வன்னியில் என் வயதில் வளர்ந்தவர்களுக்குக் கான் என்றால் சமையல் எண்ணெய் முடிந்த பிறகு தண்ணீருக்கு வருகிற அந்த மஞ்சள் பிளாஸ்ரிக் கான்தான். விளையாட்டுச் சாமான் இருந்ததோ இல்லையோ, ஆளுக்கொரு கான் இருந்தது. போர் முடிந்து வவுனியாப் பக்கத்து முகாமில் நாங்கள் இருந்தபோது தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் லொறி எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வெயிலில் மனிதர் நிற்க முடியாது, கான் நிற்கும். கானை வரிசையில் வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சலாம், பிள்ளைக்குப் பேன் பார்க்கலாம். கான் நின்றால் ஆள் நின்றதுதான். அங்கே எங்கள் சனம் எதற்கெல்லாமோ சண்டை பிடித்தது. ஒரு வாளி, ஒரு விறகு, ஒரு வார்த்தைக்காகத் தலைமயிரைப் பிடித்து இழுத்ததும் உண்டு. ஆனால் இன்னொருவரின் கானை எடுத்து அப்பால் வைத்தவரை நான் காணவில்லை. ஆணியைச் சுடவைத்து ஒவ்வொருவரும் தங்கள் கானில் குறி போட்டிருந்தார்கள். என்னுடையதில் ஒரு மீன்.

அம்மா இரண்டு கான்கள் வைப்பார். ஒன்று எங்களுடைய மீன் கான். மற்றது அண்ணாவுடையது. அப்பா அதற்கு முன்பே நோயில் போய்விட்டதால் வீட்டில் ஆண்பிள்ளை என்று இருந்தது அண்ணா ஒருவர்தான். கடைசி இடப்பெயர்வின்போது, அரிசி கிடைக்குமா பார்த்துவருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அவர் சைக்கிளில் மண்ணெண்ணெய் வாங்கப் போகிற கான் மட்டும் எங்களோடு வந்து சேர்ந்தது. அம்மா அவர் உடுத்த நீலச் சாரத்தில் ஒரு துண்டு கிழித்து அதன் கைபிடியில் கட்டினார். "ஒரு வீட்டுக்கு ரெண்டோ?" என்று பின்னால் நின்றவர்கள் கேட்டால், "ஒண்டு அவன்ரை. வருவான்" என்பார். அதன் பிறகு வரிசை நகரும்போது கேட்டவரே அந்தக் கானையும் காலால் முன்னே தள்ளிவிடுவார். நான் அந்த இரண்டு கான்களுக்கும் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பேன். அண்ணா வந்தால் என்னைத்தான் முதலில் காண்பார் என்று அம்மா சொல்லியிருந்தார். வருகிற ஒவ்வொரு இளந்தாரியின் முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கழுத்து நோகும்.

ஊருக்குத் திரும்பி வந்து நான் வளர்ந்து ஆளாகி, உழைக்கவும் தொடங்கிவிட்டேன். அந்தக் கான் ஓயவில்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த காலத்திலும் அம்மா அதைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தார். வரிசை இல்லாத நாட்களில் கிணற்றடியில் நிற்கும். காலையில் அதை நிரப்புவார், மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டுத் திரும்ப நிரப்புவார். குளித்துக்கொண்டிருக்கும்போது அது பக்கத்தில் நின்றால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். யாரோ ஒருவர் துவாயோடு நின்று, நீ குளித்து முடி என்று பொறுத்திருக்கிற மாதிரி இருக்கும். காணாமல்போனவர்களைப் பற்றி எங்கேயாவது கூட்டம் என்றால் அம்மா போவார், வருவார், ஒன்றும் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். ஒரு வசனம் என் தொண்டைக்குள் எத்தனையோ வருசமாகக் கிடந்தது. அண்ணா இனி வரமாட்டார் அம்மா. இதைச் சொல்ல வாயைத் திறந்தால், உப்புக் காணாது, பஸ் போயிட்டுது, நாய் குரைக்குது என்று வேறெதுவோதான் வரும்.

வாயால் முடியாததைக் கையால் செய்யலாம் என்று நினைத்தேன். கேற்றிலிருந்து படி வரை பழைய கான்களை வரிசையாக நிறுத்துவது, ஆட்கள் யாரும் இல்லாமல். முதலாவதாக அண்ணாவின் கான். அது மட்டும் நிமிர்ந்து நிற்காது, மூடி கழன்று சரிந்து கிடக்கும். பக்கத்தில் ஒரு பலகையில் 'காத்திருந்தது போதும்' என்று எழுதி வைப்பது. பார்க்க வருகிறவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். எனக்கு வேண்டியது அம்மா அதைப் பார்க்க வேண்டும், பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும், பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்காமலேயே வேறு மனிதர்களாக வீட்டுக்குப் போக வேண்டும். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

கானைக் கேட்டபோது அம்மா அதிலிருந்து கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வெட்டக்கூடாது."

"வெட்டமாட்டன்."

"பெயின்ற் கியின்ற் பூசக்கூடாது. பின்னேரம் வீட்டை வந்திட வேணும். நான் பத்து மணி பஸ்சிலை வாறன்."

கண்காட்சி நாளில் விடியவே போய்க் கான்களை அடுக்கினேன். சோளகம் வீசிக்கொண்டிருந்தது. வெறுங்கான் காற்றுக்கு உருண்டுவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கை சரளைக்கல் போட்டேன். அண்ணாவின் கானைச் சரித்து வைத்து, அது உருளாதபடி இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுத்தேன். நீலத் துணி மண்ணில் படுத்திருந்தது. அதைப் பார்த்தபடி ஐந்து நிமிடம்கூட என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே படம் மாட்டிக்கொண்டிருந்தவர்களிடம், ஆணி வாங்கவேணும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் புதுக்குடியிருப்புக்குப் போனேன். ஆணி ஒன்றும் தேவைப்படவில்லை. கடைகளுக்குள் ஏறி இறங்கினேன், சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன், ஒரு தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா அதைப் பார்க்கிற முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது.

நான் திரும்பி வந்தபோது மண்டபத்து முற்றம் ஈரமாக இருந்தது.

நடந்ததை உள்ளே நின்றவர்கள் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் கிழமை பக்கத்து ஒழுங்கைகளில் கிணறுகள் வற்றிப்போய்ப் பவுசரில்தான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகச் சந்தியில் நிற்கிற பவுசர், மண்டபத்து முற்றத்தில் கான் வரிசை நிற்பதைக் கண்டு, இன்றைக்கு இடம் மாற்றியிருக்கிறார்கள் என்று கேற்றடியில் வந்து நின்றுவிட்டது. பவுசர் நின்றதைக் கண்டு பெண்கள் கான்களோடு ஓடிவந்தார்கள். முன்னால் நிற்பவை யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை. மரியாதையாக என் கான்களுக்குப் பின்னால் தங்கள் கான்களை வைத்தார்கள். இடம் காணாமல் வரிசை படியேறி மண்டபத்துக்குள் போய்விட்டது. இரண்டு மூன்று கான்கள் சுவரிலிருந்த ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

ஆள் இல்லாத கானைத் தாண்டிக்கொண்டு போவது எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. வரிசை நகரும்போது பின்னால் நிற்பவர் அதைக் காலால் முன்னே தள்ளிவிடுவார், முறை வந்தால் நிரப்பியும் வைப்பார். அப்படியே என் கான்கள் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார்கள். பிள்ளைகள் குறும்புக்குக் கல் போட்டிருக்கிறார்கள் என்று ஏசி ஏசிச் சரளையைக் கொட்டி, ஒவ்வொரு கானையும் அலசி வேறு வைத்திருந்தார்கள். என் பலகையின் மேல் ஒரு வயதான ஆச்சி இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காவது தெரியும். எனக்குக் குரங்குகூடக் கிடைக்கவில்லை, தண்ணீர்தான் கிடைத்தது.

அண்ணாவின் கான் முதலாவதாக, நிமிர்ந்து, கழுத்து வரை நிரம்பி நின்றது.

"ஆர் இதைத் தொட்டது?" என்று கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பவுசர் முடிந்து போயிருந்தது. தண்ணீர் கிடைக்காத ஏழெட்டுப் பேர் வெறுங்கான்களோடு நின்றார்கள்.

"உந்த மஞ்சள் கானெல்லாம் உங்கடையோ ரீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். "ஒரு வீட்டுக்கு இவ்வளவோ? நாங்கள் எத்தினை பேர் தண்ணியில்லாமல் நிக்கிறம் பாருங்கோ."

இது கலை, ஒரு செய்தி சொல்ல வைத்தது என்று விளக்கத் தொடங்கினேன். பாதி வசனத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர்களின் பங்குத் தண்ணீரை என் செய்தி குடித்துவிட்டது. "எடுங்கோ, எல்லாத்தையும் ஊத்தி எடுங்கோ" என்றேன். ஊற்றி எடுத்தார்கள். அண்ணாவின் கானை மட்டும் நான் தொடவிடவில்லை. கடைசியில் ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் போதாமல் போய்விட்டது. மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கிற குடும்பம். எங்கள் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போகிறவர். ஒன்றும் கேட்காமல் கானைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் பத்து மணி பஸ்சில் அம்மா வந்து இறங்கினார். நல்ல சீலை உடுத்திருந்தார். கேற்றுக்குள் காலை வைத்ததும் கானைக் கண்டார். அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"முன்னுக்கு வைச்சிருக்கிறாய்," என்றார். "நான் நினைச்சன், எங்கையாவது மூலையிலை கிடக்கும் எண்டு." அவருடைய முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் கண்டு கனகாலம். என் வேலை எதையும் அவர் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடாமல் நின்றேன். பேசாமல் விட்டால் இது இப்படியே நல்லபடி முடிந்துவிடும் என்று ஒரு கள்ள யோசனையும் வந்தது.

"அந்தக் கானாம்மா?" என்றார் தண்ணீர் கிடைக்காத பெண். "அது விழுந்து கெடந்துச்சு. காலையில இந்தப் பக்கமாப் போறப்ப நாந்தான் நிமித்தி வச்சேன்."

"காத்துக்கு விழுந்திருக்கும்."

"காத்து இல்லீங்க. ரெண்டு பக்கமும் கல்லு முட்டுக் குடுத்திருந்துச்சு. புள்ளைங்க வேலைன்னு நெனச்சேன். யாரோட எடமோ, பாவம், போயிருமேன்னு நிமித்திட்டுப் போனேன்."

அம்மா கீழே பார்த்தார். இரண்டு கற்களும் அந்த இடத்திலேயே கிடந்தன. பிறகு பலகையைப் பார்த்தார். வெற்றிலை போட்ட ஆச்சி அதற்குள் எழுந்து போயிருந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். கடைசியாக என்னைப் பார்த்தார்.

ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. குனிந்து அண்ணாவின் கானை இரண்டு கையாலும் தூக்கி, அந்தப் பெண்ணின் கானுக்குள் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். "கொண்டு போ பிள்ளை. அவன்ரை பங்கு" என்றார். பின்னேரம் பவுசர் இன்னொரு முறை வருமாம் என்று சொல்லிக்கொண்டு, நான் என் கான்களை ஒதுக்கிவிட்ட இடத்தில் ஆட்கள் மறுபடி தங்கள் கான்களை வரிசையில் வைத்துவிட்டு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா வெறுங்கானோடு படியேறிப் போய், மண்டபத்துக்குள் கடைசி ஆளாக அதை வைத்து, பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

அதற்குப் பிறகுதான் அழைக்கப்பட்ட ஆட்கள் வந்தார்கள். ஆளில்லாத அந்தக் கான் வரிசையை என்னுடைய வேலை என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு துணிச்சலைத் தான் கண்டதில்லை என்றார். நான் அம்மாவைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன். அவர்கள் போனதும் அம்மாவின் கதிரையைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன்.

"அம்மா, வாங்கோ. ஸ்கூட்டியிலை கொண்டுபோய் விடுறன்."

"நான் வரிசையிலை நிக்கிறன்."

"எங்கடை கிணத்திலை தண்ணி இருக்குத்தானே."

"இருக்கட்டும்."

"அம்மா..."

"ஒரு இடத்திலை நில்லடி." என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ சொல்ல வந்ததை வாயாலை சொல்லு. கானைச் சரிச்சு வைச்சு, ஊருக்குக் காட்டி, எனக்குச் சொல்லாதை."

அவர் என் கையை விடவில்லை. உப்பு, பஸ், நாய் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அண்ணா இனி வரமாட்டார் அம்மா."

சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கானின் கைபிடியைப் பார்த்தேன். என் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"ஓம்," என்றார் அம்மா.

குனிந்து நீலத் துணியின் முடிச்சை இறுக்கிவிட்டு, "அது எனக்கு முகாமிலையே தெரியும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பிறகென்னத்துக்கு இவ்வளவு காலமும் இதைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனீங்கள்? என்னை ஏன் அந்த வெயிலுக்கை நிக்க வைச்சனீங்கள்?"

"எடுத்து அப்பாலை வைக்கப் போனால் எனக்குக் கை வருகுதில்லை." அவர் என் கையை விட்டார். "நீ எடு. நான் ஒண்டும் சொல்லன்."

வெளியே பவுசரின் ஹோர்ன் கேட்டது. போனவர்கள் ஓடிவந்தார்கள், புதிதாகவும் சிலர் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். முன்னால் இருந்த கான்கள் ஒவ்வொன்றாகப் படி இறங்கின. அண்ணாவின் கானுக்கு முன்னால் இடைவெளி விழுந்தது. அம்மா அசையவில்லை. பின்னால் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை.

நான் குனிந்து நீலத் துணியோடு சேர்த்துக் கைபிடியைப் பிடித்தேன். வெறுங்கான், தூக்கி ஓரமாக வைக்க ஒரு கை போதும். எனக்கு அம்மா மீது கோபம் வந்தது. எங்களை இவ்வளவு காலம் காக்கவைத்த அண்ணா மீது அதைவிடக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, அதை ஒருவரிடமும் மறைக்கவில்லை. கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து, கானைக் காலால் முன்னே தள்ளினேன். சீமெந்து நிலத்தில் அது சத்தம் போட்டுக்கொண்டு போய் இடைவெளியில் நின்றது. அடுத்த முறை வரிசை நகர்ந்தபோதும் நான்தான் தள்ளினேன்.